வாசகர் கேள்வி பதில்: "முடியாது"ன்னு எழுதிக் குடுத்துட்டா அதோட முடிஞ்சிருச்சா?

இந்த வட்டம் வந்த கடிதம், வட்ஸ்அப் வொய்ஸ் எல்லாத்தையும் சேத்துப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம் தான். கட்ட விட மாட்டேங்குறாங்க, ரூம் இழுக்க விட மாட்டேங்குறாங்க, பிளான திருப்பி அனுப்பிட்டாங்க, இனி யார்கிட்ட போறது. அதனால மத்த கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்குறேன். ஊர் பேர் போட வேணாம்னு கேட்டவங்க ஊர போடல.

கேள்வி: மகளும் மருமகனும் அமெரிக்காவுல, நியூயோர்க் மாநிலத்துல ஒரு சின்ன டவுன்ல இருக்காங்க. என்னைய அங்க கூப்பிட்டு வச்சிக்கணும்னு வீட்டுக்குப் பக்கவாட்டுல ஒரு ரூம் இழுக்கப் பாத்தாங்க. எல்லைலருந்து பத்து அடி விடணுமாம், இவங்களுக்கு ஆறு அடி தான் மிஞ்சுது. அதுக்குன்னு இருக்குற ஒரு போர்ட் முன்னாடி போயிருக்காங்க, பக்கத்து வீட்டுக்காரர் வந்து எதிர்த்துப் பேசியிருக்காரு, போர்ட் முடியாதுன்னு சொல்லிருச்சு. மகள் ஃபோன்ல அழுவுறா. அதே போர்ட் மறுபடி யோசிக்குமா? (ராகலை வாசகி)

அம்மா, யோசிக்கும், ஆனா யோசிக்க வைக்கிறது லேசு இல்ல. அதுக்கு முன்னாடி மகள் ஒரு தேதிய பாக்கணும், அத கடைசில சொல்றேன், அத மட்டும் மறந்துறாதீங்க.

அந்த போர்டுக்கு அங்க ஸோனிங் போர்ட் ஒஃப் அப்பீல்ஸ்னு பேரு. டவுன்ல எந்த இடத்துல வீடு, எந்த இடத்துல கடை, எல்லைலருந்து எவ்வளவு தள்ளிக் கட்டணும், எவ்வளவு உயரம் போகலாம்னு ஒரு சட்டம் வச்சிருக்காங்க, அது தான் ஸோனிங். அந்தச் சட்டத்த அப்படியே பிடிச்சா சில பேருக்கு ரொம்ப அநியாயமாப் போயிரும், காணியோட வடிவமே கோணலா இருக்கும், இல்லன்னா சட்டம் வர்றதுக்கு முன்னாடியே கட்டின வீடா இருக்கும். அப்படிப்பட்டவங்களுக்கு ஒரு விலக்கு குடுக்குறதுக்கும், பில்டிங் இன்ஸ்பெக்டர் சட்டத்த பிழையா வாசிச்சிட்டாருன்னா அத திருத்துறதுக்கும் தான் இந்த போர்ட். நியூயோர்க் டவுன்கள்ல மூணு பேர், இல்லன்னா அஞ்சு பேர் இருப்பாங்க, அதே ஊர்ல குடியிருக்குற ஆட்கள் தான், நீதிபதிங்க இல்ல. கூட்டம் திறந்த கூட்டம், யாரும் போய் ஒக்காரலாம், யாரும் எழும்பி பேசலாம், யார் ஓம்னு சொன்னாங்க யார் இல்லன்னு சொன்னாங்கன்னு பேர் பேரா மினிட்ஸ்ல, அதாவது கூட்டக் குறிப்புல ஏறும்.

ரூம் இழுக்குற மாதிரி அளவு சம்பந்தமான விலக்குக்கு போர்ட் ஒரு தராசு பிடிக்கணும்னு சட்டமே சொல்லுது. ஒரு தட்டுல உங்க மகளுக்கு கிடைக்கிற நன்மை, அடுத்த தட்டுல அயலுக்கு வர்ற கெடுதி. அத நிறுக்கும்போது அஞ்சு விஷயம் பாப்பாங்க: அந்தத் தெருவோட தோற்றம் கெட்டுப் போகுமா, வேற வழில அதே ரூம கட்ட முடியாதா, கேக்குற விலக்கு ரொம்ப பெரிசா, தண்ணி வடியுறது மாதிரி சுற்றாடல் பிரச்சின வருமா, இந்தச் சிக்கல அவங்களே இழுத்து விட்டுக்கிட்டாங்களா. கடைசி விஷயம் ஓம்னாலும் அதுக்காக மட்டும் மறுக்கணும்னு இல்ல. அதுக்கு மேல, குடுக்குறதா இருந்தா தேவைக்கு எது குறைஞ்ச அளவோ அத தான் குடுக்கணும், நிபந்தனையும் போடலாம், ஜன்னல் அந்தப் பக்கம் வைக்காத, வேலிய உயர்த்து, அந்த மாதிரி. ஆனா வீட்டுப் பகுதில கடை போடுறேன்னு காணியோட பாவனையவே மாத்தக் கேட்டா கதை வேற, அங்க இந்தக் காணில சட்டப்படி என்ன செஞ்சாலும் நியாயமான வருமானம் வராதுன்னு கணக்கு வழக்கோட காட்டணும், சிக்கல் இந்தக் காணிக்கு மட்டும் உள்ளதுன்னு காட்டணும், அயல் மாறாதுன்னு காட்டணும், தானே தேடிக்கிட்டது இல்லன்னு காட்டணும், நாலுல ஒண்ணு தவறினாலும் கிடைக்காது. உங்க மகளோடது முதல் வகை, அதனால மனச விட வேணாம்னு சொல்லுங்க.

பக்கத்து வீட்டுக்காரர் பேசினதப் பத்தி. அவருக்குப் பேச உரிமை இருக்கு, அத தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா "எனக்குப் பிடிக்கல, ஊருக்குப் பிடிக்கல"ங்குற பொதுவான எதிர்ப்ப மட்டும் வச்சு போர்ட் மறுத்திருந்தா கோர்ட்ல அது நிக்காது, பதிவுல ஆதாரம் இருக்கணும்னு நியூயோர்க் நீதிமன்றங்கள் பல தடவ சொல்லியிருக்கு. ரூம் வந்தா மழைத் தண்ணி முழுக்க என் பக்கம் வடியும்னு அளவோட காட்டியிருந்தாரா, அது ஆதாரம். வெறும் சலிப்பா பேசினாரா, அது ஆதாரம் இல்ல. அதனால மகள் முதல்ல செய்ய வேண்டியது எழுத்துல உள்ள முடிவ எடுத்து வச்சு, எந்தக் காரணத்துக்கு மறுத்தாங்கன்னு வரி வரியா வாசிக்கிறது.

இப்ப மறுவிசாரணை. போர்ட்ல இருக்குற ஒரு உறுப்பினர் தான் "இத மறுபடி கேப்போம்"னு பிரேரணை கொண்டு வரணும், மகள் கடிதம் எழுதிக் கேக்கலாமே தவிர கொண்டு வர வைக்க முடியாது. அன்னைக்கு வந்திருக்குற உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒத்துக்கணும், ஒருத்தர் தலைய ஆட்டாட்டியும் கதை முடிஞ்சது. ஒத்துக்கிட்டா முதல் விசாரணைக்கு எப்படி அறிவித்தல் குடுத்தாங்களோ அதே மாதிரி மறுபடி குடுத்து எல்லாரையும் கேக்கணும். கேட்டுட்டு பழைய முடிவ மாத்துறதா இருந்தா அதுக்கும் அன்னைக்கு இருக்குற எல்லாரும் ஒரே கையா தூக்கணும். ஒரு தடவ மறுவிசாரணை பண்ணினத திரும்பவும் பண்ண முடியாது. இன்னொரு விஷயமும் அதே சட்டத்துல இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் அது: முதல் முடிவ நம்பி நல்ல எண்ணத்தோட ஒருத்தர் வேலைய தொடங்கி அவருக்கு ஒரு உரிமை வந்திருச்சுன்னா, அந்த உரிமைய பாதிக்கிற மாதிரி மறுவிசாரணைல மாத்த முடியாது. அதாவது உங்க மகளுக்கு ஓம்னு சொல்லியிருந்து, அத நம்பி அவங்க அத்திவாரம் போட்டதுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் போய் நின்னாலும் இந்தப் பாதுகாப்பு அவங்களுக்கு இருந்திருக்கும்.

மறுவிசாரணைய விட நடைமுறைக்கு ஒத்து வர்ற வழி பிளான மாத்திட்டுப் போறது தான். ஆறு அடிக்குப் பதிலா எட்டு அடி விட்டு, ரூம கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, தண்ணி வடிய பீலி போட்டு புது விண்ணப்பமா குடுத்தா அது வேற கேஸ். அதே பிளான அப்படியே திருப்பிக் குடுத்தா போர்ட் பழைய முடிவையே தூக்கிக் காட்டும், ஏன்னா ஒரே மாதிரி விஷயத்துல வேற முடிவு எடுத்தா ஏன்னு காரணம் எழுத வேண்டிய கடமை அவங்களுக்கு இருக்கு.

சரி, அந்தத் தேதி. விசாரணை முடிஞ்சு 62 நாளுக்குள்ள போர்ட் முடிவு சொல்லணும், சொன்ன முடிவ 5 வேலை நாளுக்குள்ள டவுன் கிளார்க் ஒஃபிஸ்ல பதிவு பண்ணணும். பதிவு பண்ணின அந்த நாள்லருந்து 30 நாள் தான் கோர்ட்டுக்குப் போக டைம், ஆர்ட்டிக்கிள் 78ன்னு அதுக்குப் பேரு. "மறுபடி பாருங்க"ன்னு போர்டுக்கு கடிதம் போட்டுட்டு பதில் வரும்னு ஒக்காந்திருந்தா இந்த 30 நாள் நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும், போர்ட் மெதுவா முடியாதுன்னு சொல்லும்போது கோர்ட் கதவும் பூட்டியிருக்கும். மகள இன்னைக்கே அந்த முடிவுக் கடிதத்த எடுத்து கிளார்க் ஒஃபிஸ் சீல்ல என்ன தேதி இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க. மிச்சத்த அங்க உள்ள ஒரு லோயர்கிட்ட கேக்கலாம், தேதி போச்சுன்னா லோயரும் ஒண்ணும் செய்ய முடியாது.

கேள்வி: நான் பேராதனைல படிக்கிறேன். அமெரிக்கா முழுக்க இதே முறை தானா? இந்த போர்ட் எப்ப வந்துச்சு?

இல்ல தம்பி, மாநிலத்துக்கு மாநிலம் வேற. தொடக்கம் 1916, நியூயோர்க் நகரம் முழுசுக்கும் ஒரே ஸோனிங் சட்டம் வந்த வருஷம். 1920கள்ல அமெரிக்க வணிகத் திணைக்களம் மாநிலங்கள் பாத்து எழுதிக்கிறதுக்கு ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டுச்சு, அதுல தான் அஞ்சு பேர் போர்ட், மூணு வருஷப் பதவி, அதிகாரியோட முடிவ மாத்தணும்னா அஞ்சுல நாலு பேர் ஒத்துக்கணும்னு இருந்துச்சு. 1926ல ஒஹாயோ மாநிலத்து யூக்ளிட்ங்குற ஊரோட வழக்குல உச்ச நீதிமன்றம் ஸோனிங் செல்லும்னு தீர்ப்புச் சொன்னதும் அது எல்லா இடமும் பரவிருச்சு.

மறுபரிசீலனைல தான் பெரிய வித்தியாசம். நியூ ஹாம்ப்ஷயர்ல 30 நாளுக்குள்ள போர்ட்கிட்டயே மறுவிசாரணை கேட்டாகணும், அத கேக்காம நேரா கோர்ட்டுக்குப் போக முடியாது, அந்த மனுவுல எழுதாத காரணத்த பிறகு கோர்ட்லயும் சாதாரணமா எடுக்க விட மாட்டாங்க. அதாவது தன்னோட பிழைய தானே திருத்திக்க போர்டுக்கு முதல் வாய்ப்பு. மசாசூசெட்ஸ்ல வேற மாதிரி, ஒரு தடவ மறுத்தா ரெண்டு வருஷத்துக்கு அதே விஷயத்துக்கு சாதகமா முடிவு எடுக்க முடியாது, குறிப்பிட்டுச் சொல்லக் கூடிய பெரிய மாற்றம் இருக்குன்னு போர்டும் காணணும், பிளானிங் போர்டும் சம்மதிக்கணும். நியூயோர்க்ல ஒரு ஆளோட வோட்டு தடுக்கும், நியூ ஹாம்ப்ஷயர்ல கேட்டே ஆகணும், மசாசூசெட்ஸ்ல காலம் தடுக்கும். ஆனா அடில ஓடுற யோசனை ஒண்ணு தான்: எனக்கு முடிவு பிடிக்கலங்குறது மறுபடி பாக்குறதுக்குக் காரணம் ஆகாது. போர்ட் சட்டத்த பிழையா பிடிச்சிருச்சுன்னு காட்டணும், இல்லன்னா அன்னைக்கு அவங்க முன்னாடி இல்லாத ஒண்ண கொண்டு போய் வைக்கணும். நீங்க சட்டம் படிக்கிற பிள்ளையா இருந்தா இந்த மூணு மாநிலத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, நல்ல கட்டுரை வரும்.

கேள்வி: தம்பி ஸ்கார்பரோவுல வீட்டுக்குப் பின்னால கட்டுறான். கமிட்டி ஓம்னுருச்சு. பக்கத்து வீட்டுக்காரி அப்பீல் போடுவேன்னு மிரட்டுறாங்களாம். (கண்டி)

டொரொண்டோவுல அது கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட். முடிவுக்கு 20 நாளுக்குள்ள அப்பீல், டொரொண்டோவுக்குன்னு 2017லருந்து தனி அப்பீல் சபை இருக்கு. ஆனா 2022 கடைசில ஒன்டாரியோ சட்டத்த மாத்திட்டாங்க, சின்ன விலக்கு விஷயத்துல அயல் வீட்டுக்காரங்க இப்ப அப்பீல் போட முடியாது, விண்ணப்பக்காரரும் நகரசபையும் இன்னும் சில அரச அமைப்புகளும் தான் போடலாம். தம்பிய நிம்மதியா தூங்கச் சொல்லுங்க, ஆனா கமிட்டி போட்ட நிபந்தனைய ஒரு அங்குலம் தாண்டாம கட்டச் சொல்லுங்க. என்னைக் கேட்டா அயலாரோட வாய அப்படி முழுசா அடைச்சது சரின்னு படல, கட்டுற ஆளுக்கு லேசு தான், பக்கத்துல குடியிருக்குறவங்களுக்கும் அது வீடு தானே.

கேள்வி: எங்க பிளான் மண்சரிவு ரிப்போட்டால நின்னு போச்சு. பாதி சுவர் எழும்பிருச்சு. இப்ப வேலைய நிறுத்தச் சொல்லி நோட்டிஸ் ஒட்டியிருக்காங்க. பெரிய ஆள் ஒருத்தர் கடிதம் தர்றேங்குறார். அப்பீல் போட்டு ஜெயிக்க முடியுமா? (பெயர், ஊர் வேண்டாம்)

ஐயா, இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கடுமையா தான் பதில் சொல்லப் போறேன், மன்னிச்சுக்குங்க.

முதல்ல வேலைய நிறுத்துங்க. அப்பீல் போட்டிருக்கேன்ல, அதுக்குள்ள கூரைய ஏத்திருவோம்னு நினைக்கிறவங்க நிறைய பேர். அமெரிக்காவுல கூட அப்பீல் போட்டதும் அதிகாரியோட நடவடிக்கை நிக்கும், அதுவும் உயிருக்கு ஆபத்துன்னு அதிகாரி எழுதிக் குடுத்தா நிக்காது, கட்டுறவங்களுக்கு மேல கட்ட லைசன்ஸ் அதுல கிடைக்கிறது இல்ல. நம்ம இலங்கைல 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துல உள்ள பிரதேசமா இருந்தாலும் சரி, 1915லருந்து இருக்குற வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்துல வந்தாலும் சரி, அனுமதி இல்லாம கட்டினா நோட்டிஸ், அதுக்கப்புறம் நீதவான் கோர்ட், கோர்ட் உடைக்கச் சொல்லிக் கட்டளை போடலாம். அங்க போய் "எனக்கு பெர்மிட் குடுத்திருக்கணும்"னு வாதாடினா எடுபடாது, பெர்மிட் இருக்கா இல்லையாங்குறது தான் அங்க கேள்வி.

ரெண்டாவது, அந்த ரிப்போட்ட எதிரின்னு பாக்காதீங்க. மலைநாட்டுல மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்கள்ல கட்டணும்னா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட சிபாரிசு வேணும்னு வச்சிருக்குறதுக்கு காரணம் நம்ம கண் முன்னாடி நடந்தது தான். 2014 அக்டோபர் 29 காலைல கொஸ்லாந்தை மீரியபெத்தைல லயம் லயமா (தோட்டத் தொழிலாளரோட வரிசை வீடுங்க) மண்ணுக்குள்ள போச்சு, அந்த இடம் ஆபத்துன்னு அதுக்கு முன்னாடியே எச்சரிக்கை இருந்துச்சு. 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்து போனத நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அந்த ஆள் தர்ற கடிதம் ஒஃபிஸ்ல மனுசர அசைக்கலாம், மழை பெய்யுற ராத்திரி சரிவ அசைக்காம வைக்காது.

அதுக்காக ரிப்போட்டே கடைசி வார்த்தைன்னு சொல்லல. அதுல எதுக்காக மறுத்திருக்காங்கன்னு பாருங்க. சில இடத்துல இந்தக் காணில எங்கயுமே வேணாம்னு இருக்கும், அப்ப விட்டுறுங்க, அத விட வேற ஆலோசனை என்கிட்ட இல்ல. ஆனா நிறைய கேஸ்ல பிரச்சின மலை கிடையாது, நம்ம வெட்டின வெட்டு. பின்னால மண்ண செங்குத்தா பத்துப் பன்னெண்டு அடி வெட்டி, வெட்டின மண்ண முன்னால கொட்டி, அதுக்கு மேல முன் வாசல் அத்திவாரம் போட்டு, மேல் காணில இருந்து வர்ற தண்ணிக்கு பீலியே இல்லாம விட்டிருப்போம். அப்படின்னா வீட்ட முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தி, வெட்ட படி படியா மாத்தி, தண்ணி வெளிய போற குழாயோட தாங்கு சுவர் போட்டு, மேல குறுக்கால ஒரு காண் வெட்டி, இத ஒரு தகுதியான இன்ஜினியர வச்சு கீறி மறுபடி குடுங்க. மறுபடி வந்து பாருங்கன்னு எழுத்துல கேளுங்க. ராகலை அம்மாவுக்குச் சொன்னது தான் உங்களுக்கும், பழைய பிளானோட போனா பழைய பதில், மாறின பிளானோட போனா அவங்க மறுபடி பாக்க ஒரு காரணம் இருக்கு. நிலத்துல புதுசா வெடிப்பு, மரம் சாயுறது, திடீர்னு ஊத்து கிளம்புறது, அந்தத் தண்ணி சேறா வர்றது, இதுல ஒண்ண பாத்தாலும் பிளான் கதைய விட்டுட்டு பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு வெளிய போங்க.

கேள்வி: தோட்டத்துல லயத்து காம்பராவுக்குப் பின்னால குசினி இழுத்தோம், நிர்வாகம் உடைக்கச் சொல்லுது. நாங்க யார்கிட்ட அப்பீல் பண்றது? (பெயர் வேண்டாம்)

இந்தக் கடிதத்த வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மேல சொன்ன அத்தனை வழியும் காணி தன் பேர்ல இருக்குற மனுசருக்கு. விண்ணப்பம் போடணும்னா காணி உறுதிப் பத்திரம் வேணும், சர்வே பிளான் வேணும். நாலு தலைமுறையா அதே காம்பராவுல பொறந்து வளந்தவங்ககிட்ட அது இல்ல. தோட்டக் காணி 1970கள்ல அரசாங்கத்துக்கு வந்துச்சு, 1992லருந்து கம்பனிங்ககிட்ட நிர்வாகம் போச்சு, அதுல குடியிருக்குறவங்க ரெண்டு கணக்குலயும் வரல. பிரதேச சபைக்குப் போனா அது தோட்டம்னு சொல்லித் திருப்பி விட்ட காலம் ரொம்ப வருஷம் இருந்துச்சு, 2018ல தான் பிரதேச சபைச் சட்டத்த திருத்தி தோட்டக் குடியிருப்புக்கும் சபை வேலை செய்ய வழி விட்டாங்க. அதே வருஷம் 32ஆம் இலக்கச் சட்டத்தால மலையகத்துக்கு புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் வந்துச்சு.

இப்ப நீங்க செய்யக் கூடியது. நிர்வாகம் வாயால சொன்னத எழுத்துல கேளுங்க, எந்த அதிகாரத்துல, எந்தக் காரணத்துக்கு, எத்தனை நாளுக்குள்ளன்னு. நீங்க குடுக்குற கடிதத்துல குசினிய ஏன் இழுத்தீங்கன்னு எழுதுங்க, பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல ஏழு பேர், உள்ளயே அடுப்பு, புகை, சின்னப் பிள்ளை, இத எல்லாம் வெக்கப்படாம எழுதுங்க, ரெண்டு ஃபோட்டோ வைங்க. பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாத்து ஒரு குறிப்பு எழுதினா அது பலம். யூனியன் தலைவர்கிட்ட போகலாம், போங்க, ஆனா கடிதம் உங்க பேர்ல இருக்கணும், அதோட ஒரு கொப்பி பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் போகணும். சுவர பக்கத்து காம்பராவோட சுவர்ல ஏத்தியிருந்தா, இல்லன்னா பொதுக் காண அடைச்சிருந்தா அத நீங்களே முதல்ல திருத்துங்க, அந்த ஒரு காரணத்த அவங்க கைல குடுக்காதீங்க. லயத்து ஆளுக்கு காணி உரிமை வர்ற வரைக்கும் முறையான அப்பீலுக்கு கதவே கிடையாது, இருக்குறது மனு மட்டும் தான், இது எனக்கு ஏத்துக்க முடியாத அநியாயம், இத ஒவ்வொரு இதழ்லயும் எழுதுவேன்.

தோட்டத்துல வீடு கட்ட 7 பேர்ச் காணி உறுதி கிடைச்சவங்களுக்கு இடைல ஒரு வார்த்தை. 7 பேர்ச்ங்குறது கிட்டத்தட்ட 1,900 சதுர அடி. அதுல பாதைக்கு விட்டு, பின்னால விட்டு, மலசலகூடக் குழிக்கு விட்டு, தாங்கு சுவருக்கு விட்டா கட்ட மிஞ்சுறது கொஞ்சம் தான். அதனால கட்டி முடிச்சிட்டு விலக்கு கேக்காம, கட்டுறதுக்கு முன்னாடியே சபை டெக்னிக்கல் ஒஃபிசர்கிட்ட பிளான காட்டிப் பேசிருங்க.

கேள்வி: பழைய காலத்துல பாஸ் பண்ணின எங்க கடை பிளான புது சபை வந்து மறுபடி பாக்கப் போறாங்களாம். அப்படி முடியுமா?

2023 மார்ச்ல சபைகளோட காலம் முடிஞ்சு 2025 மே தேர்தல் வரைக்கும் செயலாளர்மார் தான் நடத்தினாங்க, அந்தக் காலத்துப் பிளான்கள பத்தி இந்த மாதிரி பேச்சு நிறைய காதுல விழுது. சபை மாறினாலும் சபை சபை தான், ஆள் மாறினதுங்குறது காரணம் இல்ல. சட்டப்படி ஒரு முடிவ எடுத்து எழுத்துல குடுத்த பிறகு, சட்டத்துல அதுக்குன்னு அதிகாரம் இல்லாம அத தானே தோண்டி எடுத்து மாத்த முடியாதுன்னு தான் பொது விதி. பொய்த் தகவல் குடுத்து வாங்கின அனுமதின்னா, இல்லன்னா குடுக்க அதிகாரமே இல்லாதவங்க குடுத்தது, இல்லன்னா நீங்க நிபந்தனைய மீறிக் கட்டினதுன்னா நிலைமை வேற. அப்பவும் உங்களக் கூப்பிட்டு, இது தான் குற்றச்சாட்டுன்னு சொல்லி, உங்க பதிலக் கேக்காம மாத்த முடியாது. கேக்காம மாத்தினா மாகாண மேல் நீதிமன்றத்துல ரிட் (அதிகாரிங்க பிழையா எடுத்த முடிவ ரத்து பண்ணக் கேக்குற மனு) கேக்கலாம், அரசியலமைப்போட 13ஆம் திருத்தத்தோட வந்த அதிகாரம் அது, கொழும்புக்கே ஓடணும்னு இல்ல. ஆனா லேட் பண்ணாதீங்க, ரிட்ல தாமதம் ஆளையே கவுத்துரும். பாஸ் பண்ணின பிளான், கட்டின காசு ரிசீட், வேலை தொடங்கின தேதி தெரியுற பில், இத எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, அனுமதிய நம்பி செலவழிச்சேன்னு காட்ட அது தான் கையிருப்பு.

கேள்வி: மறுத்த காரணமே சொல்ல மாட்டேங்குறாங்க. "கமிட்டில எடுபடல"ங்குறாங்க அவ்வளவு தான்.

நம்ம பக்கம் பிளானிங் கமிட்டி பெரும்பாலும் மூடின ரூமுக்குள்ள கூடும், விண்ணப்பக்காரர் வெளில வாங்குல ஒக்காந்திருப்பார், இல்லன்னா கூடினதே தெரியாம தோட்டத்துல கொழுந்து எடுத்துக்கிட்டு இருப்பார். இந்த ஒரு விஷயத்துல அந்த ஊர் போர்டப் பாத்து நம்ம படிக்கணும், பேர் பேரா வோட்டு, எழுதின காரணம், யாரும் வந்து கேக்கலாம். காரணம் தெரியாத ஆள் எதத் திருத்திக்கிட்டு மறுபடி போறது?

இப்போதைக்கு கைல இருக்குற வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். சபைல தகவல் அலுவலர் இருப்பார், அவருக்கு எழுதுங்க: என் விண்ணப்ப இலக்கம் இது, அத எடுத்த கூட்டத்தோட தேதி, மினிட்ஸ், டெக்னிக்கல் ஒஃபிசரோட கள ரிப்போட், மறுத்த காரணம், இது மேல யாருக்கு எத்தனை நாளுக்குள்ள மேன்முறையீடு பண்ணலாம்ங்குறது, இத்தனையும் வேணும். "ஏன் மறுத்தீங்க"ன்னு சண்டை போடுற மாதிரி எழுதாம ஆவணத்தோட பேரச் சொல்லிக் கேளுங்க. 14 வேலை நாளுக்குள்ள குடுக்குறதா இல்லையான்னு அவர் முடிவு சொல்லணும். மறுத்தா 14 நாளுக்குள்ள அதே இடத்துல உள்ள குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் மூணு வாரத்துல பதில் சொல்லணும், அதுவும் சரி வராட்டி ரெண்டு மாசத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தமிழ்லயே எழுதலாம். எதுக்குக் கேக்குறீங்கன்னு காரணம் சொல்ல வேண்டியது இல்ல. குடுத்ததுக்கு ஏற்றுக்கொண்ட சிட்டைய கையோட வாங்காம கவுன்டர விட்டு வராதீங்க.